கணக்கெடுப்பில் ஒரு கேள்வி, கணக்கில் வராத மொழிகள்: தாய்மொழிக் கட்டம் ஏன் முக்கியம்?

கொரோனா பெருந்தொற்றால் தள்ளிவைக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 2027-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் தேதியை அடிப்படை நாளாகக் கொண்டு நடத்தப்படும் என்று மத்திய அரசு 2025 ஜூன் 16 அன்று அறிவிக்கை வெளியிட்டது. பனி சூழ்ந்த பகுதிகளுக்கு 2026 அக்டோபர் 1 அடிப்படை நாளாகும். முதன்முறையாக மின்னணு முறையில் நடைபெறும் கணக்கெடுப்பு என்பதும், சாதி விவரங்கள் சேகரிக்கப்படவுள்ளன என்பதும் பரவலாக விவாதிக்கப்படுகின்றன. ஆனால் ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் வழக்கமாக இடம்பெற்று, அதிகம் பேசப்படாமலேயே கடந்து செல்லும் ஒரு கேள்வி உண்டு. உங்கள் தாய்மொழி எது என்பதே அது.

தமிழ், தெலுங்கு, வங்காளம் போன்ற பெருமொழிகளைப் பேசுவோருக்கு இது ஒரு நொடியில் முடிந்துவிடும் கேள்வி. நீலகிரி மலைச்சரிவில் வாழும் இருளர் குடும்பத்துக்கோ, பஸ்தர் காட்டில் வாழும் கோண்டு குடும்பத்துக்கோ அவ்வாறு அல்ல. அவர்கள் சொல்லும் விடையும், அது எழுதப்படும் விதமும், பின்னர் தொகுக்கப்படும் முறையும் சேர்ந்து, அவர்களது மொழி அரசின் ஆவணத்தில் இருக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கின்றன.

19,569 எப்படி 121 ஆனது?

2011 கணக்கெடுப்பில் மக்கள் தங்கள் தாய்மொழியாகக் கூறிய பெயர்களின் மொத்த எண்ணிக்கை 19,569. ஒரே மொழிக்கு வெவ்வேறு பெயர்கள், எழுத்து வேறுபாடுகள், ஊர்ப் பெயர்கள், சாதிப் பெயர்கள் எல்லாம் இதில் கலந்திருந்தன. மொழியியல் ஆய்வுக்குப் பின்னர் இவை 1,369 தாய்மொழிகளாக வகைப்படுத்தப்பட்டன. மேலும் 1,474 பெயர்கள் எந்த வகையிலும் சேர்க்க இயலாதவை என்று ஒதுக்கப்பட்டு, 'பிற' என்ற தலைப்பின் கீழ் வைக்கப்பட்டன.

அடுத்த கட்டத்தில், இந்தத் தாய்மொழிகளுள் 10,000 பேருக்கு மேல் பேசுபவை மட்டுமே தனியே எடுக்கப்பட்டன. அவற்றின் எண்ணிக்கை 270. இந்த 270-உம் மீண்டும் தொகுக்கப்பட்டு 121 மொழிகள் என்ற இறுதிப் பட்டியல் உருவானது. இவற்றுள் 22 மொழிகள் அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ளவை. 99 அட்டவணைக்கு வெளியே உள்ளவை.

பல்லாயிரக்கணக்கான பெயர்களை ஒழுங்குபடுத்தாமல் எந்தப் புள்ளிவிவரமும் பயன்படாது என்பது உண்மை. மொழிக்கும் வட்டார வழக்குக்கும் இடையே தெளிவான கோடு கிழிப்பதும் எளிதன்று. எனவே தொகுத்தலைச் சதி என்று கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் தொகுக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் சில மொழிகள் கண்ணிலிருந்து மறைகின்றன என்பதை மறுக்க இயலாது.

10,000 என்ற வரம்பு 1971 கணக்கெடுப்பிலிருந்து பின்பற்றப்படுகிறது. அதற்கு முந்தைய 1961 கணக்கெடுப்பில் 1,652 தாய்மொழிகளின் பெயர்கள் வெளியிடப்பட்டிருந்தன. அதற்குப் பின் 10,000 பேருக்குக் குறைவானோர் பேசும் மொழிகளைப் பற்றிய விவரம் பொதுவெளியில் தனியே கிடைப்பதில்லை. அழியும் அபாயத்தில் உள்ளவை பெரும்பாலும் இத்தகைய சிறு மொழிகளே. எவற்றைப் பற்றி மிகத் துல்லியமாக அறிய வேண்டுமோ, அவற்றைப் பற்றியே எண்ணிக்கை கிடைப்பதில்லை என்பதுதான் இதிலுள்ள முரண்.

பெருமொழிகளின் குடைக்குள்

2011 கணக்கெடுப்பின்படி இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டோர் 52.83 கோடிப் பேர். அதாவது மக்கள்தொகையில் 43.63 சதவீதம். இந்த எண்ணிக்கை அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் இதற்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட தாய்மொழிகள் அடங்கியுள்ளன என்பது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. போஜ்புரி பேசும் 5.05 கோடிப் பேர், ராஜஸ்தானி பேசும் 2.58 கோடிப் பேர், சத்தீஸ்கரி பேசும் 1.62 கோடிப் பேர், மகஹி பேசும் 1.27 கோடிப் பேர் ஆகியோர் இந்தக் கணக்கில் உள்ளனர். தம் தாய்மொழி 'இந்தி' என்றே கூறியவர்கள் 32.22 கோடிப் பேர். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு இருபது கோடிக்கும் மேல்.

இதைச் சுட்டிக்காட்டும்போது தமிழ் வாசகர்களுக்கு ஓர் இயல்பான நிறைவு ஏற்படலாம். ஆனால் அதே அட்டவணையில் தமிழின் பக்கத்தையும் திருப்பிப் பார்ப்பதே நேர்மை. தமிழ் பேசுவோர் 6.9 கோடி என்ற எண்ணிக்கைக்குள் இருளர் மொழியும் அடங்கியுள்ளது. திராவிட மொழியியலாளர்கள் பலர் இருளர் மொழியைத் தனிமொழியாகவே கருதுகின்றனர். நீலகிரியில் பேசப்படும் படுக மொழி கன்னடத்தின் கீழும், மதுரை, சேலம், கும்பகோணம் உள்ளிட்ட ஊர்களில் பல தலைமுறைகளாகப் பேசப்படும் சௌராஷ்டிர மொழி குஜராத்தியின் கீழும் வைக்கப்பட்டுள்ளன.

படுகர் வீட்டுப் பிள்ளை பள்ளியில் கன்னடம் படிப்பதில்லை. சௌராஷ்டிரர் வீட்டுப் பிள்ளை குஜராத்தி நாளிதழ் வாசிப்பதில்லை. மொழிக்குடும்ப உறவு காரணமாகப் புள்ளிவிவரத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டாலும், நடைமுறையில் அந்தப் பெருமொழியால் இவர்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு எதுவும் இல்லை. பெருமொழிகள் ஒன்றன்மேல் ஒன்று ஆதிக்கம் செலுத்துவதாகக் குறைகூறும் அதே வேளையில், ஒவ்வொரு பெருமொழியும் தன் நிழலில் உள்ள சிறுமொழிகளை எவ்வாறு நடத்துகிறது என்ற கேள்விக்கும் விடை சொல்லியாக வேண்டும்.

ஒரு கோடிப் பேர் பேசினாலும் அட்டவணைக்கு வெளியே

அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது எட்டாவது அட்டவணையில் 14 மொழிகள் இருந்தன. 1967-இல் சிந்தியும், 1992-இல் கொங்கணி, மணிப்புரி, நேபாளி ஆகியவையும், 2003-ஆம் ஆண்டின் 92-ஆவது திருத்தத்தின் மூலம் போடோ, டோக்ரி, மைதிலி, சந்தாலி ஆகியவையும் சேர்க்கப்பட்டன. அதன்பின் எந்த மொழியும் சேர்க்கப்படவில்லை. துளு, போஜ்புரி, ராஜஸ்தானி, கோண்டி, ஹோ, காசி, மிசோ, கொடவா உள்ளிட்ட 38 மொழிகளைச் சேர்க்கக் கோரிக்கைகள் நிலுவையில் உள்ளதாக மத்திய உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்துள்ளது.

அட்டவணையில் இடம்பெற எத்தனை பேர் பேச வேண்டும், எத்தகைய இலக்கியம் இருக்க வேண்டும் என்பதற்கு வரையறுக்கப்பட்ட அளவுகோல் எதுவும் இல்லை. 1996-இல் பாவா குழுவும், 2003-இல் சீதாகாந்த் மகாபாத்ரா குழுவும் அளவுகோல்களை வகுக்க முயன்றும் முடிவு எட்டப்படவில்லை. இதன் விளைவு புள்ளிவிவரத்தில் தெளிவாகத் தெரிகிறது. கிளைமொழிகளையும் சேர்த்து 1.04 கோடிப் பேர் பேசும் பீலி மொழி அட்டவணையில் இல்லை. 29.84 லட்சம் பேர் பேசும் கோண்டியும் இல்லை. ஆனால் கோண்டியைவிடக் குறைவானோர் பேசும் டோக்ரி, மணிப்புரி, போடோ ஆகியவை உள்ளன. 24,821 பேர் மட்டுமே தாய்மொழி என்று குறிப்பிட்ட சமஸ்கிருதமும் உள்ளது.

சேர்க்கப்பட்ட மொழிகளுக்குத் தகுதி இல்லை என்பது இதன் பொருளன்று. மாநில எல்லை, அரசியல் இயக்கம், எழுத்து மரபு ஆகியவை எந்த மொழிக்குத் துணை நின்றனவோ, அந்த மொழிக்கு இடம் கிடைத்தது என்பதே பொருள். கோண்டி பேசுவோர் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், மகாராஷ்டிரம், தெலங்கானா எனப் பல மாநிலங்களில் பிரிந்து கிடக்கின்றனர். ஒவ்வொரு மாநிலத்திலும் அவர்கள் சிறுபான்மையினர். எந்த மாநிலத்திலும் அவர்களது மொழி ஆட்சிமொழியன்று. பீலி பேசுவோரின் நிலையும் இதுவே.

அட்டவணையில் இடம்பெறுவது வெறும் பெருமைக்குரிய விஷயம் மட்டுமன்று. குடிமைப் பணித் தேர்வுகளில் அம்மொழியைப் பயன்படுத்தும் வாய்ப்பு, நூல் வெளியீடு, மொழித் தொழில்நுட்பத் திட்டங்களில் முன்னுரிமை எனப் பல நன்மைகள் இதனையொட்டியே வருகின்றன. அட்டவணைக்கு வெளியே உள்ள மொழிகளைப் பேசுவோர், தொகுக்கப்பட்ட கணக்கின்படியே கூட, ஏறத்தாழ 4 கோடிப் பேர்.

வகுப்பறையில் தொடங்கும் இழப்பு

ஒரு மொழி திடீரென மறைவதில்லை. தாத்தா பாட்டி பேசுகிறார்கள், பெற்றோர் புரிந்துகொள்கிறார்கள், பிள்ளைகள் வேறு மொழியில் விடை சொல்கிறார்கள். மூன்று தலைமுறைகளில் அது முடிந்துவிடுகிறது. இந்த மாற்றம் பெரும்பாலும் பள்ளிக்கூட வாசலில்தான் தொடங்குகிறது.

சட்டத்தில் குறை இல்லை. தமக்கெனத் தனி மொழி, எழுத்து அல்லது பண்பாடு கொண்ட குடிமக்களுக்கு அதைக் காத்துக்கொள்ளும் உரிமையை அரசமைப்பின் 29-ஆவது பிரிவு வழங்குகிறது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது 350-ஏ பிரிவு. இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் கூறுகின்றன. ஆனால் இவை அனைத்திலும் 'இயன்றவரை', 'முயல வேண்டும்' போன்ற சொற்களே உள்ளன. இயலவில்லை என்று ஒரு மாநிலம் சொன்னால் கேட்பார் இல்லை.

மறுபுறம், பெற்றோரின் விருப்பத்தையும் புறந்தள்ள முடியாது. தனியார் பள்ளிகள் தாய்மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்று கர்நாடக அரசு கட்டாயப்படுத்த முடியாது என 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. பயிற்றுமொழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குழந்தைக்கும், அதன் சார்பில் பெற்றோருக்கும் உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆங்கிலவழியில் படித்தால் வேலை கிடைக்கும் என்று ஓர் ஏழைப் பெற்றோர் எண்ணுவதில் தவறில்லை. தாய்மொழியில் படித்தவனுக்கு வேலையில்லாத சந்தையை உருவாக்கிவிட்டு, மொழிப்பற்று இல்லை என்று அவர்களைக் குறைகூறுவது நியாயமாகாது.

ஆனால் தாய்மொழிக் கல்வி என்பது ஆங்கிலத்துக்கோ மாநில மொழிக்கோ எதிரானதன்று. தமக்குப் புரியும் மொழியில் கல்வி பெற இயலாதோர் உலக மக்கள்தொகையில் 40 சதவீதம் என்று யுனெஸ்கோ கூறுகிறது. ஆறு வயதுக் குழந்தை முதன்முதலில் வகுப்பறைக்குள் நுழையும்போது, ஆசிரியர் பேசுவது ஒரு சொல்கூடப் புரியாவிட்டால், அது கணக்கையும் கற்பதில்லை. புதிய மொழியையும் கற்பதில்லை. மௌனமாக இருக்கவே கற்றுக்கொள்கிறது.

இதற்கு மாற்றாக ஒடிசா மாநிலம் 2006-07 முதல் பன்மொழிக் கல்வித் திட்டத்தைச் செயல்படுத்தி வருகிறது. சந்தாலி, சவரா, குய், குவி, கோயா, முண்டா, ஜுவாங், போண்டா என 10 மொழிகளில் தொடங்கிய இத்திட்டம் பின்னர் 21 பழங்குடி மொழிகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது. குழந்தை வீட்டு மொழியில் எழுத்தறிவு பெற்று, படிப்படியாக ஒடியாவுக்கும் ஆங்கிலத்துக்கும் செல்வதே இதன் அடிப்படை. அந்தந்தச் சமூகத்திலிருந்தே ஆசிரியர்களை நியமிப்பதுதான் இதில் மிகக் கடினமான பகுதி. மிக முக்கியமான பகுதியும் அதுவே. பாடநூலை அச்சிடுவது எளிது; அந்த மொழியில் பிள்ளையோடு பேச ஓர் ஆசிரியர் இல்லையெனில் அந்நூல் அலமாரியிலேயே கிடக்கும்.

ஒரு மொழியோடு மறைவது எது?

அந்தமான் தீவுகளில் போ மொழியைப் பேசிய கடைசி மனிதரான போவா சீனியர், 2010 ஜனவரி 26 அன்று காலமானார். அவருக்கு வயது ஏறத்தாழ 85. பெரும் அந்தமானிய மொழிகளை ஆய்வு செய்த மொழியியலாளர் அன்விதா அப்பி, அவரது குரலைப் பதிவு செய்துள்ளார். வாழ்வின் இறுதி ஆண்டுகளில் போவா சீனியருடன் அவரது மொழியில் பேச உலகில் வேறு எவரும் இருக்கவில்லை.

அம்மொழிகளின் இலக்கணம் மனித உடலின் பகுதிகளை அடிப்படையாகக் கொண்டு சொற்களை வகைப்படுத்துவது என்பதை அப்பியின் ஆய்வு வெளிப்படுத்தியது. மனித மனம் உலகை எத்தனை விதமாக அடுக்கிப் பார்க்க இயலும் என்பதற்கு அது ஒரு சான்று. பேசுவோர் இருந்த கடைசி ஆண்டுகளில் ஓர் ஆய்வாளர் சென்று சேர்ந்திராவிட்டால், அப்படி ஓர் அமைப்பு இருந்தது என்பதே தெரியாமல் போயிருக்கும்.

நீலகிரியின் தோடர் மொழியும் கோத்தர் மொழியும் யுனெஸ்கோவின் அழியும் மொழிகளின் வரைபடத்தில் மிகக் கடுமையான அபாயத்தில் உள்ளவையாகக் குறிக்கப்பட்டுள்ளன. அவ்வரைபடத்தில் இந்தியாவிலிருந்து இடம்பெற்ற மொழிகள் 197. எருமைகளையும் புனிதப் பால்மனைகளையும் மையமாகக் கொண்ட தோடர் வாழ்வுக்குரிய சொற்களுக்கு வேறு மொழியில் ஈடு இல்லை. மேய்ச்சல் நிலமும் எருமையும் குறையும்போது, அவற்றைக் குறிக்கும் சொற்களும் பயனின்றிப் போகின்றன. மொழியைக் காப்பது நிலத்தையும் வாழ்வாதாரத்தையும் காப்பதிலிருந்து பிரிக்க முடியாதது என்பதை இது உணர்த்துகிறது.

நம்பிக்கை தரும் அறிகுறிகள்

சிறுமொழிகள் அனைத்தும் அழிந்தே தீரும் என்று முடிவுகட்டவும் தேவையில்லை. சந்தாலி மொழிக்குப் பண்டிதர் ரகுநாத் முர்மு 1925-இல் 'ஒல் சிக்கி' என்ற தனி எழுத்தை உருவாக்கினார். பல மாநிலங்களில் பல எழுத்துகளில் சிதறிக்கிடந்த ஒரு மொழிக்கு அது பொது அடையாளம் தந்தது. 2003-இல் எட்டாவது அட்டவணையில் இடம், 2018-இல் தனி விக்கிப்பீடியா என அதன் பயணம் தொடர்ந்தது. 2011 கணக்கெடுப்பில் சந்தாலி பேசுவோர் 73.68 லட்சம் பேர்.

10,000 பேருக்குக் குறைவானோர் பேசும் மொழிகளை ஆவணப்படுத்தும் திட்டத்தை மைசூருவில் உள்ள இந்திய மொழிகளின் மத்திய நிறுவனம் 2013 முதல் நடத்தி வருகிறது. முதற்கட்டமாக 117 மொழிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. சந்தாலி, பீலி, முண்டாரி, கோண்டி ஆகியவற்றுக்கான 'ஆதி வாணி' என்ற செயற்கை நுண்ணறிவு மொழிபெயர்ப்புச் செயலியின் சோதனைப் பதிப்பை மத்திய பழங்குடியினர் நல அமைச்சகம் 2025-இல் அறிமுகப்படுத்தியது.

இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் ஆவணப்படுத்துதலும் வாழவைத்தலும் ஒன்றல்ல. ஒலிப்பதிவும் அகராதியும் மொழியின் நினைவைக் காக்கும். குழந்தைகள் பேசினால்தான் மொழி வாழும்.

செய்யக்கூடியவை எவை?

எதிர்வரும் கணக்கெடுப்பு இதில் ஒரு நல்ல தொடக்கமாக அமையலாம். ஒருவரின் குழந்தைப் பருவத்தில் அவருடைய தாய் அவருடன் பேசிய மொழியே தாய்மொழி என்பது 2011 கணக்கெடுப்பாளர்களுக்கு அளிக்கப்பட்ட விளக்கம். கூறப்பட்ட பெயரை அப்படியே எழுத வேண்டும் என்பதும் விதி. மாநில மொழியையே விடையாகத் தாமாக நிரப்பிவிடாமல், ஒவ்வொரு வீட்டிலும் கேள்வியைக் கேட்டு எழுதக் கணக்கெடுப்பாளர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட வேண்டும். மின்னணுச் செயலியில் விருப்பப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் முறை இருப்பின், பட்டியலில் இல்லாத மொழிப் பெயரையும் எழுத வழி இருப்பது அவசியம். இல்லையெனில் வசதிக்காகச் செய்யப்படும் ஏற்பாடே மொழிகளை மறைத்துவிடும்.

அடுத்தது வெளியீடு. 2011 கணக்கெடுப்பின் மொழி விவரங்கள் 2018-இல்தான் வெளியாயின. இம்முறை தாமதமின்றி வெளியிடுவதோடு, 10,000 என்ற வரம்புக்குக் கீழே உள்ள மொழிகளின் பெயர்களையும் மாநில அளவிலான எண்ணிக்கையையும் வெளியிட வேண்டும். தொகுப்பு அட்டவணையோடு, தொகுக்கப்படாத அட்டவணையையும் தருவதில் தடை எதுவும் இருக்கலாகாது. எந்த மொழியில் ஆசிரியர் தேவை, எந்த வட்டாரத்தில் பாடநூல் தேவை என்பதை அரசு அறிய இதைவிட எளிய வழி வேறில்லை.

சமூகங்களுக்கும் பொறுப்பு உண்டு. தம் மொழியைச் சொல்லத் தயங்கி, மதிப்புமிக்கதாகக் கருதப்படும் வேறொரு மொழியின் பெயரைச் சொல்வது பல இடங்களில் வழக்கமாக உள்ளது. 'எங்களுடையது மொழியே அல்ல, வெறும் பேச்சு' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளரும் பிள்ளை, அதைத் தன் பிள்ளைக்குக் கொடுக்க எண்ணாது.

1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் வங்காள மொழிக்காகப் போராடிய மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. அந்நாளை உலகத் தாய்மொழி நாளாக யுனெஸ்கோ 1999-இல் அறிவித்தது. ஒரு பெருமொழியின் உரிமைப் போராட்டத்தில் பிறந்த நாள் இன்று எல்லா மொழிகளுக்கும் உரியதாகியுள்ளது. தாய்மொழியின் அருமையைப் போராடி உணர்ந்த சமூகங்களே, தம் அருகில் உள்ள சிறுமொழியின் தவிப்பையும் முதலில் உணர வேண்டும்.

கணக்கெடுப்பாளர் வீட்டு வாசலில் நின்று கேட்கும் அந்தக் கேள்விக்கு விடை சொல்லச் சில நொடிகளே ஆகும். இருளர் மொழி பேசுபவர் 'இருளர் மொழி' என்றும், படுகர் 'படுகு' என்றும் தயக்கமின்றிச் சொல்லவும், அவர்கள் சொன்னது அவ்வாறே எழுதப்படவும், எழுதப்பட்டது அவ்வாறே வெளிவரவும் வேண்டும். ஒரு மொழியைக் காப்பதற்கான பணிகள் பல. அது இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதே அவற்றுள் முதற்பணி.